இரண்டு கதிர், ஒரே உடம்பு: புதிதாக வருகிறவர்களுக்குச் சில அறிவுரைகள்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மருத்துவ இயற்பியல் படிக்கப் போகும் பிள்ளைகள் என்னை வந்து பார்ப்பதுண்டு. கதிர்வீச்சு மருத்துவம் படிக்கும் இளம் டாக்டர்களும் வருவார்கள். உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐயா, புரோட்டான் வந்துடுச்சே, இனிமே போட்டானுக்கு வேலை இருக்குமா?" இரண்டையும் ஒரே நோயாளிக்குப் பங்கு பிரித்து வைக்கலாம் என்பதை யாரும் கேட்பதில்லை. நம் மாவட்டத்து நோயாளிக்குப் பல நேரங்களில் நடைமுறைக்கு ஒத்துவரக்கூடிய வழி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிவந்ததை எழுத்தில் வைக்கிறேன்.

1. முதலில் இரண்டு கதிரின் குணத்தையும் கையால் வரைந்து பாருங்கள்.

கணினித் திரையில் பார்த்தால் போதாது. ஒரு கிராஃப் தாளை எடுத்து, ஆழத்துக்கு எதிராக டோஸைக் குறித்து இரண்டு கோடு போடுங்கள். 6 எம்.வி. போட்டான் தோலில் குறைவாகத் தொடங்கி ஒன்றரை சென்டிமீட்டரில் உச்சத்துக்குப் போகும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே உடம்பின் மறுபக்கம் வெளியேறும். கட்டிக்குப் பின்னால் இருக்கும் உறுப்பும் அதில் ஒரு பங்கைச் சுமக்கும்.

புரோட்டான் போகப்போக வேகம் குறைந்து, நிற்கப்போகும் இடத்தில் தன் சக்தியில் பெரும் பங்கைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். 1904-ல் அடிலெய்டில் வில்லியம் பிராக் ஆல்ஃபா துகள்களில் இந்தக் குணத்தைக் கண்டார். அதனால்தான் டோஸின் அந்த உச்சத்துக்கு 'பிராக் உச்சம்' என்று அவர் பெயர். புரோட்டானின் இந்தக் குணத்தைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தலாம் என்று 1946-ல் எழுதியவர் ராபர்ட் வில்சன் என்ற இயற்பியலாளர். 1954-ல் பெர்க்லியில் முதல் நோயாளிகளுக்கு வைத்தார்கள். தண்ணீரில் 150 எம்.இ.வி. புரோட்டான் சுமார் 16 சென்டிமீட்டர் போகும். 230 எம்.இ.வி. என்றால் 33 சென்டிமீட்டர் அளவுக்குப் போகும்.

புத்தகப் படத்தில் இருப்பது ஒற்றை உச்சம். கட்டி என்பது பல சென்டிமீட்டர் தடிப்பு உள்ளது. அதை மூட வேண்டுமானால் பல சக்திகளில் பல உச்சங்களை அடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் நுழையும் வழியில் கொஞ்சம் டோஸ் வைத்துவிட்டுத்தான் போகும். எல்லாம் சேர்ந்தால் தோல் பக்கம் டோஸ் ஏறிவிடும். அந்த இடத்தில் போட்டான்தான் தோலைக் காப்பாற்றும். புதியவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

2. புரோட்டான் எங்கே நிற்கும் என்பதில் எப்போதும் சந்தேகம் வையுங்கள்.

சி.டி. படத்தில் இருக்கும் எண்ணைக் கொண்டுதான் புரோட்டான் எங்கே நிற்கும் என்று கணக்குப் போடுகிறோம். அந்த மாற்றத்தில் 3.5 சதவீதம் வரை பிசகலாம் என்று வைத்துத் திட்டம் போடுவது பல மையங்களின் வழக்கம். 16 சென்டிமீட்டர் ஆழத்தில் 3.5 சதவீதம் என்றால் ஐந்தரை மில்லிமீட்டர். மண்டையோட்டின் அடியில் இருக்கும் கட்டிக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவில் சில நேரம் அவ்வளவு இடம்கூட இருக்காது.

இது முதல் நாள் பிசகு மட்டும்தான். மூன்றாவது வாரத்தில் மூக்கை ஒட்டிய சைனஸ் அறையில் சளி கட்டிக்கொண்டால் புரோட்டான் முன்னாலேயே நின்றுவிடும். சளி வடிந்தால் தாண்டிப் போகும். கழுத்து மெலிந்தாலும், குடலில் காற்று நகர்ந்தாலும் இதே கதைதான். முதுகெலும்பில் டைட்டானியம் கம்பி வைத்தவருக்கு சி.டி. படமே கோடு கோடாகக் கெட்டிருக்கும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்தில் கோர்டோமா நோயாளிகளுக்குப் புரோட்டான் வைத்தபோது, உலோகம் பொருத்தப்பட்டவர்களுக்குக் கட்டி கட்டுப்பட்டது குறைவு என்று கண்டார்கள்.

இன்னொன்று. புரோட்டானின் உயிரியல் வீரியத்தைப் போட்டானைப் போல 1.1 மடங்கு என்று எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணாக வைத்துக்கொள்கிறோம். அது வசதிக்காக வைத்த எண். துகள் நிற்கும் ஓரத்தில் வீரியம் அதைவிடக் கூடும். ஆகவே மூளைத்தண்டுக்கு நேராகப் பாய்ந்து அதன் வாசலில் நிற்கும்படி கதிரை வைக்காதீர்கள்.

போட்டான் இதில் மன்னிக்கும் குணம் உள்ளது. வழியில் சில மில்லிமீட்டர் திசு கூடினால் டோஸ் ஒன்றிரண்டு சதவீதம் மாறும், அவ்வளவுதான். இரண்டையும் கலந்தால் புரோட்டானின் பிசகு மொத்தச் சிகிச்சையில் ஒரு பங்குக்கு மட்டுமே பொருந்தும். கலப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

3. எது உசத்தி என்ற பேச்சில் சிக்காதீர்கள்.

அறிஞர் அண்ணா புற்றுநோயால் மறைந்த 1969-ஆம் ஆண்டில் அவர் பிறந்த காஞ்சிபுரத்தில், காரப்பேட்டையில், அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. நம் ஊர் ஜனங்கள் "கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க" என்று பஸ் ஏறிப்போவது பெரும்பாலும் அங்கேதான். அதற்கும் முன்னால், 1954-ல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அங்கே கோபால்ட் கருவியை 1950-களிலேயே கொண்டுவந்தார்கள். இந்த இடங்களில் பிழைத்து வீடு திரும்பியவர்களுக்கு வைத்தது போட்டான். அதைப் பழைய சரக்கு என்று பேசுவது அந்த ஜனங்களுக்கும் அந்த டாக்டர்களுக்கும் செய்யும் அநியாயம்.

புரோட்டான் 2019 ஜனவரியில் தரமணியில் அப்போலோ மையத்தில் வந்தது. மூன்று சிகிச்சை அறைகள். டாட்டா நினைவு மையம் நவி மும்பை கார்கரில் 2023-ல் தொடங்கியது. இத்தனை கோடி ஜனத்துக்கு அறைகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். எல்லா நோய்க்கும் அது கூடுதல் பலன் தரும் என்றும் இல்லை. புராஸ்டேட்டுக்குப் புரோட்டானையும் போட்டானையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. குடல் தொந்தரவில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் முழுக்கக் கதிர் வைக்க வேண்டியிருந்தால் கதை வேறு. முன்னால் இருக்கும் இதயத்துக்கும் குடலுக்கும் வெளியேறும் டோஸ் போகாமல் நிறுத்தப் புரோட்டானால் முடியும். அங்கே தயங்காமல் முழுச் சிகிச்சைக்கும் அதைக் கேளுங்கள்.

4. இரண்டு பிளான் போட்டுக் கூட்டாதீர்கள். ஒரே பிளானாக யோசியுங்கள்.

இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்வேன். நம் ஏரிப் பாசன விவசாயி நாற்று விடும் நாளிலேயே ஏரித் தண்ணி எத்தனை நாளைக்கு வரும், கடைசியில் கிணற்றிலிருந்து எத்தனை தண்ணி இறைக்கணும் என்று சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். ஏரி வற்றிய பிறகு கிணற்றைப் பற்றி யோசிப்பவர் பயிரைக் காப்பாற்ற முடியாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மண்டையடிக் கட்டிக்கு மொத்தம் 70 கிரே (டோஸை அளக்கும் அலகு) வேண்டும். முதல் 50 கிரே போட்டான், 25 நாள். அடுத்த 20 புரோட்டான், 10 நாள். மூளைத்தண்டுக்கு 54 கிரே எல்லை என்று வைத்துக்கொள்வோம். போட்டான் பிளான் போடுகிறவர் மூளைத்தண்டுக்கு 49 வந்திருப்பதைப் பார்த்து, "எல்லைக்குள்ளதானே இருக்கு" என்று கையெழுத்துப் போடுகிறார். அவர் பார்வையில் அதில் தப்பில்லை. ஆனால் புரோட்டானுக்கு மிச்சம் 5 கிரேதான். அந்த 5-க்குள் அடங்க வேண்டுமானால் மூளைத்தண்டை ஒட்டிய கட்டிப் பகுதியைப் பட்டினி போட வேண்டும். நோய் திரும்ப வருவது அந்த ஓரத்திலிருந்துதான்.

முதல் நாளே சேர்த்து யோசித்திருந்தால், போட்டானில் மூளைத்தண்டு 42-க்கு மேல் போகக் கூடாது, மிச்சம் 12 புரோட்டானுக்கு என்று பங்கு பிரித்திருக்கலாம். இப்போதைய பிளானிங் மென்பொருள்கள் பலவற்றில் முன்னால் வைத்த டோஸை அடியில் போட்டுக்கொண்டு, அதன்மேல் மிச்சத்தைக் கணக்கிடச் சொல்லலாம். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது இரண்டாவது பிளானை மட்டும்தான் திருத்தும். முதல் பிளான் போடுகிறவர் இரண்டாவதை மனதில் வைத்துப் போட்டாரா என்பது அவரோடு நீங்கள் பேசினால்தான் தெரியும். இரண்டும் வேறு வேறு மருத்துவமனை என்றால், முதல் பிளான் ஒப்புதல் ஆகும் முன்பே போனை எடுங்கள்.

5. பாஸ்டன் கதையைப் படியுங்கள், ஆனால் சரியாகப் படியுங்கள்.

கலப்பது புது யோசனை இல்லை. பாஸ்டன் பக்கத்தில் ஹார்வர்ட் சைக்ளோட்ரானில் கிடைத்தது 160 எம்.இ.வி. புரோட்டான் கதிர். அந்தக் கருவி இயற்பியல் ஆராய்ச்சிக்காகக் கட்டியது. எட்டும் ஆழமும் குறைவு, கிடைக்கும் நேரமும் குறைவு. ஆகவே 1970-களிலிருந்து ஹெர்மன் சூட்டும் மைக்கேல் கோய்ட்டனும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் போட்டானையும் அந்தச் சைக்ளோட்ரானில் புரோட்டானையுமாகப் பங்கு பிரித்து வைத்தார்கள். மண்டையடிக் கட்டிகளுக்கு 70 கிரேக்கு மேல் பத்திரமாகப் போக முடியும் என்று உலகம் கற்றது அந்தக் கலப்பில்தான். பற்றாக்குறையில் பிறந்த யோசனை என்பதால்தான் நமக்கு அது இத்தனை பொருத்தமாக இருக்கிறது.

அதே வழியில் 1990-களில் புராஸ்டேட் நோயாளிகள் 393 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் 50.4 கிரே போட்டான். அதோடு புரோட்டான் சேர்த்து ஒரு பிரிவுக்கு மொத்தம் 70.2, இன்னொரு பிரிவுக்கு 79.2. கூடுதல் டோஸ் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. இதைக் காட்டிப் புரோட்டான் ஜெயித்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பிரிவிலும் புரோட்டான் இருந்ததே! அந்த ஆய்வு சொன்னது டோஸின் அளவைப் பற்றி. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

6. கூட்டு ஆப்டிமைசேஷனைக் கற்றுக்கொள்ளுங்கள். கைவைக்கும்போது நோயாளியின் வீட்டையும் நினையுங்கள்.

சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில் யான் உன்கெல்பாக் குழுவினர் இதைக் கணிதமாக ஆராய்ந்திருக்கிறார்கள். புரோட்டான் பிளான் தனியாகச் சீராக இருக்க வேண்டாம், போட்டான் பிளானும் தனியாகச் சீராக இருக்க வேண்டாம், இரண்டின் கூட்டு சீராக இருந்தால் போதும் என்று கணினியிடம் விட்டுவிடுகிறார்கள். கட்டிக்குள்ளேயே நல்ல திசு ஊடுருவி இருக்கும் இடங்களில் டோஸைத் தினம் சிறு அளவாகப் பிரித்து வைப்பதுதான் பாதுகாப்பு. அந்த வேலை பெரும்பாலும் போட்டானுக்குப் போகிறது. கட்டியின் நடுப்பகுதிக்குக் கிடைத்த சில நாட்களில் புரோட்டான் பெரிய அளவாக வைக்கிறது. குறைந்த புரோட்டான் நாட்களில் அதிகப் பலன். கான்ட்ரி என்ற பிரம்மாண்டச் சுழல் அமைப்பே இல்லாமல், ஒரே திசையில் நிலையாக வரும் புரோட்டானையும் போட்டான் தரும் சாதாரண லீனாக் கருவியையும் ஒரே அறையில் வைக்கலாம் என்பதும் அவர்கள் முன்வைத்த யோசனை. கட்டடச் செலவு குறையும். நம்மைப் போன்ற நாட்டுக்கு இது பெரிய விஷயம். நீங்கள் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அப்படிப்பட்ட திட்டத்தில் ஒவ்வொரு பங்கும் தனியாக நின்றால் ஓட்டை உள்ளது. பாதியில் சிகிச்சை நின்றால், கட்டியின் ஒரு பக்கம் அதிக டோஸும் இன்னொரு பக்கம் பற்றாக்குறையுமாக அந்த நோயாளி நடுத்தெருவில் நிற்பார். அறுவடை வந்தால், கையில் காசு தீர்ந்தால், துணைக்கு வர ஆளில்லாமல் போனால் நம் ஜனங்கள் சிகிச்சையை நிறுத்துவதுண்டு. அந்த அபாயம் தெரிகிற வீட்டுக்கு, இரண்டு பங்கும் தனித்தனியாகவும் சீராக இருக்கும் எளிய திட்டமே நல்லது. கணக்கில் கொஞ்சம் நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை.

7. கிரேயைக் கிரேயோடு அப்படியே கூட்டாதீர்கள்.

கருப்பை வாய்ப் புற்றுக்கு வெளிக்கதிர், உள்கதிர் இரண்டும் வைத்துப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வெளியே 25 நாளில் 45 கிரே, உள்ளே 7 கிரே வீதம் 4 முறை. வெறுமனே கூட்டினால் 73. நாளுக்கு 2 கிரே என்ற சமனுக்கு மாற்றினால் கட்டிக்கு ஏறக்குறைய 84. போட்டான்-புரோட்டான் கலவையிலும் தினசரி அளவு வேறுபட்டால் இதே முறைதான். தண்டுவடத்துக்கு 10 நாள், நாளுக்கு 3 கிரே போனால் 30 என்று எழுதாதீர்கள். ஆல்ஃபா பீட்டா விகிதம் 2 என்று வைத்தால் அது 37.5-க்குச் சமம். புரோட்டான் எண்ணில் 1.1 பெருக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஒரு மையம் பெருக்கி அனுப்பியதை இன்னொரு மையம் மறுபடி பெருக்கிவிடக் கூடாது.

8. மாஸ்க்கும் தலையணையும் கணினியைவிட முக்கியம்.

இரண்டு இடத்து டோஸையும் கூட்டுகிறீர்கள் என்றால், நோயாளி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி படுத்திருக்கிறார் என்று நம்புகிறீர்கள் என்று அர்த்தம். மோல்டு ரூமுக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடி போன்ற தெளிவான ஹெட்ரெஸ்ட்கள் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு மருத்துவமனையில் பி வைத்து மாஸ்க் செய்து, இன்னொன்றில் சி வைத்தால், தாடை மேலே தூக்கும், கழுத்தின் வளைவு மாறும். முதல் சி.டி.யில் தண்டுவடம் நேராகவும் அடுத்ததில் வில்லாகவும் இருக்கும். மென்பொருள் இரண்டு படத்தையும் இழுத்து வளைத்துப் பொருத்திக் காட்டும். அழகாகவும் இருக்கும். அதை நம்பிக் கூட்டிய எண்ணில் தண்டுவடத்துக்கு எவ்வளவு போனது என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே ஹெட்ரெஸ்ட்டின் எழுத்து, தோள் இழுக்கும் பட்டை இருந்ததா, வாயில் பைட் பிளாக் வைத்ததா, எல்லாவற்றையும் எழுதி, ஒரு பக்கவாட்டுப் புகைப்படமும் எடுத்து அடுத்த மையத்துக்கு அனுப்புங்கள். முடிந்தால் அதே ஹெட்ரெஸ்ட்டையே கேளுங்கள். நடுவில் கட்டி சுருங்கியிருக்கும், உடம்பு மெலிந்திருக்கும். புரோட்டான் தொடங்கும் முன் புதிய சி.டி. கட்டாயம். பழைய போட்டான் டோஸை அந்தப் புதிய படத்தில் மறுபடி கணக்கிட்ட பிறகுதான் மிச்சம் எவ்வளவு என்று பேச வேண்டும்.

9. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது.

தலை, கழுத்துப் புற்றுகளில் சிகிச்சை தொடங்கிச் சுமார் நான்கு வாரம் ஆனபின் மிச்சமிருக்கும் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். போட்டான் முடித்துவிட்டுப் புரோட்டான் தேதிக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் முன்னால் வைத்த டோஸைத் தின்னும். புரோட்டான் தேதி எழுத்தில் கைக்கு வராமல் போட்டானின் முதல் நாளைத் தொடங்க விடாதீர்கள். தேதி பின்னால்தான் கிடைக்கிறது என்றால், முழுவதையும் நல்ல போட்டான் பிளானிலேயே முடிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல நேரம் அதுவே சரியான பதில்.

ஒரே சைக்ளோட்ரான் எல்லா அறைக்கும் கதிர் அனுப்பும் மையத்தில் அது நின்றால் எல்லா அறையும் நிற்கும். ஒவ்வொரு புரோட்டான் நோயாளிக்கும் மாற்றாக ஒரு போட்டான் பிளான் தயாராக இருக்கட்டும். அதை ஒரு நாள் பயன்படுத்தினாலும் கூட்டுக் கணக்கை அன்றே திருத்துங்கள்.

10. வீட்டாரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

"அண்ணே, அந்தப் புது மிஷின்ல வச்சா அப்பாவுக்குச் சரியாயிடுமா? நெலத்தை வேணா குடுத்துடறோம்" என்று கேட்பார்கள். டாக்டர் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லக் கூடாது. ஆனால் அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போய், இந்தக் கட்டிக்குப் புரோட்டானால் எந்த உறுப்புக்கு எவ்வளவு மிச்சம் என்று இரண்டு பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. புரோட்டானுக்குக் கேட்கும் பணம் அதைத் தாண்டிப் போகும். வித்தியாசம் சின்னது என்றால் ஒரு ஏக்கரும் போக வேண்டியதில்லை என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 35 நாளும் வேண்டாம், 10 நாள் புரோட்டான் சேர்த்தாலே முக்காலே மூணு வீசம் பலன் வரும் என்று கணக்கு காட்டினால், அதையும் அவர்களுக்குத் தெரியச் சொல்லுங்கள்.

11. கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்புங்கள்.

எந்த மையத்தில் எந்தக் கதிர், எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, 1.1 பெருக்கியதா இல்லையா, தண்டுவடம், மூளைத்தண்டு, பார்வை நரம்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு. இவ்வளவும் ஒரே பக்கத்தில், இரண்டு மையத்து இயற்பியலாளர்களின் கையெழுத்தோடு இருக்கட்டும். உறுப்புகளின் பெயரை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஐந்து வருஷம் கழித்து நோய் திரும்பினால், அவரைப் பார்க்கும் வேறொரு ஊர் டாக்டருக்கு இன்னும் எவ்வளவு வைக்கலாம் என்று முடிவெடுக்க அந்த ஒரு பக்கம்தான் ஆதாரம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்துத் தைத்துக் கொடுங்கள், ஒரு நகலை மருத்துவமனைக் கோப்பிலும் வையுங்கள்.